சமரசக்கா யார் பக்கம்

நீதிமன்றக் கட்டடத்தின் பின்புறம், வண்டிகள் நிறுத்துமிடத்தைத் தாண்டினால் ஒரு குறுகலான படிக்கட்டு வரும். அதில் ஏறினால் சமரச மையம். வழக்குப் போட்டவர்களை, தீர்ப்புக்கு முன்னால் ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்று நீதிபதிகள் அனுப்பி வைக்கும் இடம் அது. அங்கே இருந்த சமரசர்களில் ஊருக்கே பழக்கமானவர் ஒரு பெண்மணி. காவலாளியிலிருந்து நீதிபதியின் உதவியாளர்வரை எல்லோரும் அவரைச் 'சமரசக்கா' என்றார்கள். கிண்டலாக வைத்த பெயர்தான். ஒட்டிக்கொண்டுவிட்டது.

முன்பு அவர் வக்கீலாக இருந்தவர். நன்றாக வாதாடுவார். ஒருமுறை, கூடப்பிறந்த தம்பிமேல் வழக்குப் போட்டிருந்த ஒருவருக்கு ஜெயித்துக் கொடுத்தார். தீர்ப்பு வந்த அன்று அந்த மனிதர் நீதிமன்ற வாசலில் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "யாருக்குச் சொல்லணும்னு பாக்கறீங்க?" என்று கேட்டதற்கு, "நல்லது கெட்டது எதுன்னாலும் மொதல்ல தம்பிகிட்டதான் சொல்லுவேன்மா. பழக்க தோஷம்" என்றார். அதற்கப்புறம் சமரசக்காவுக்கு வாதாடுவதில் ருசி குறைந்துபோனது. பயிற்சி எடுத்துக்கொண்டு படிக்கட்டு ஏறிவிட்டார்.

அவருடைய அறையில் ஒரு வட்ட மேசை உண்டு. யார் தலைமை இடத்தில் உட்காருவது என்ற பேச்சே வராது. நாற்காலிகள் எல்லாம் ஒரே உயரம். ஒருமுறை ஓர் ஆள், எதிராளியின் நாற்காலி தன்னுடையதைவிட உசரம் என்று சண்டை பிடித்து எழுந்து போயிருந்தார். அன்றே எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டார் சமரசக்கா. இரண்டு கதவுகள். வருகிறவர்கள் ஆளுக்கொரு பக்கமாக வந்து ஆளுக்கொரு பக்கமாகப் போகலாம், வழியில் முட்டிக்கொள்ள வேண்டாம்.

உட்கார்ந்ததும் இரு தரப்பிடமும் ஒரே பாடத்தைச் சொல்வார். "நான் நீதிபதி இல்ல. யாரு செஞ்சது சரி, யாரு செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன். மேல் மாடியில நடுவர் ஒருத்தரு உக்காந்திருக்காரு. அவருகிட்ட போனா ரெண்டு பேர் சொல்றதையும் கேட்டுட்டு அவரே முடிவு சொல்லுவாரு, பிடிச்சாலும் பிடிக்கலன்னாலும் அது உங்களைக் கட்டும். இங்க அப்படி இல்ல. முடிவு உங்களோடது. ஒத்துவரலன்னா எப்ப வேணாலும் எழுந்து போகலாம். இங்க பேசறது இந்த அறையைத் தாண்டாது, கோர்ட்டுக்கும் போகாது. தனியா என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம், நீங்க சரின்னு சொல்லாம அதை அவங்ககிட்ட சொல்ல மாட்டேன். நான் எந்தப் பக்கமும் இல்ல."

சொன்னபடியே இருந்தார். அதுதான் அவருக்கு வினையாகவும் வந்தது.

சின்ன ஊர். சண்டையில்லாத வீடு ஏது, கடை ஏது? கடைவீதியில் பாதிப் பேர் என்றைக்காவது அந்த வட்ட மேசைக்கு வந்துபோனவர்கள். ஒரு வழக்கை எடுத்துக்கொண்டால், அதில் சம்பந்தப்பட்டவர்களோடு வெளியில் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வதில்லை என்பது சமரசக்கா தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். முதலில் ரொட்டிக்கடை போனது, அப்புறம் தையல்காரர், அப்புறம் மருந்துக்கடை. தலைவலி மாத்திரைக்கு ஊர்க்கோடிவரை நடந்தார். "இப்படியே போனா கடைசியில நீங்களே மாவு பிசைஞ்சு, நீங்களே துணி தைச்சு, நீங்களே வைத்தியம் பாத்துக்க வேண்டியதுதான்" என்று மையத்தில் இருந்த இன்னொரு சமரசர் கேலி செய்வார். ஓய்வுபெற்ற வக்கீல் அவர். முகத்தில் பாதியை மீசையே எடுத்துக்கொண்டதால் அவருக்குப் 'பெரிய மீசை' என்று பெயர்.

சட்டத்தைத் தளர்த்தியிருந்தாலும் பெரிய மாற்றம் வந்திருக்காது. சமாதானமாகிப் போனவர்கள்தான் அவரைப் பார்த்தால் முதலில் தெருவைக் கடந்தார்கள். ஒன்றாகக் கைகோத்துப் போகும் தம்பதி, எதிரே அவர் வந்தால் சட்டென்று கடைக்கண்ணாடியில் எதையோ பார்ப்பார்கள். அவர் முகம் அவர்களுக்கு அவர்களுடைய சண்டையை நினைவுபடுத்தியது. ஒருவரையொருவர் என்னென்ன வார்த்தைகளால் குத்திக்கொண்டார்கள் என்பது தெரிந்த மூன்றாம் ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தானே. கறிவேப்பிலையின் கதைதான். சமரசக்கா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தானும் கொஞ்சம் திரும்பி நின்று அவர்களுக்கு வழிவிடுவார்.

கணவர், மகளின் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கல்யாணமாகி அதே ஊரின் மறுகோடியில் குடியிருந்தாள். மாப்பிள்ளை பாலம் கட்டும் கம்பெனியில் பொறியாளர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். தங்கமான பையன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், சமரசக்காவும் சொன்னார்.

ஒருநாள் பிற்பகல் மகள் ஒரு பையோடு வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது. உட்காரச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்தார். அவள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, "என்னால அவர்கூட இருக்க முடியலம்மா" என்றாள். பிறகு கொஞ்சம் அழுதாள்.

சமரசக்கா அழுகை அடங்கும்வரை காத்திருந்தார். அழுகிறவர்களை இடைமறிக்கக் கூடாது என்பது தொழில் கற்றுக்கொடுத்தது. அடங்கியதும் மெதுவாகக் கேட்டார்: "உனக்கு எவ்ளோ கஷ்டமா இருக்குன்னு புரியுது. அவர் பக்க நியாயம் என்னவா இருக்கும்னு நினைக்கற?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் உன் பொண்ணாம்மா, இல்ல உன் கட்சிக்காரியா?"

"அப்படி இல்லடி. ஒரு கை தட்டினா ஓசை வராதில்ல, அதனால..."

"வரும்மா. கன்னத்துல தட்டினா வரும்." கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். "அவர் அடிச்சாருன்னு சொல்லல, பயப்படாதே. சும்மா சொன்னேன்."

பையைத் தூக்கிக்கொண்டு போனவள் புருஷன் வீட்டுக்கும் திரும்பவில்லை. பஸ் பிடித்தால் அரைநாள் தூரத்தில் ஒரு நகரத்தில் வேலை தேடிக்கொண்டு, ஓர் அறையை வாடகைக்கு எடுத்தாள். செல்போனில் எப்போதாவது செய்தி வரும். 'நல்லா இருக்கேன்.' அவ்வளவுதான். சமரசக்கா கூப்பிட்டால், வேலையில் இருப்பதாகப் பதில் வரும்.

அந்த மாதங்களில் அவர் தினமும் பத்துப் பேரிடமாவது பேசினார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் பேச ஒன்றும் இருக்காது. பகலில் கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது. தன் வீட்டில் நடந்ததைச் சொல்ல ஆள் இல்லை. பாத்திரம் கழுவும்போது தொண்டையைக் கனைத்துக்கொள்வார், குரல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

பிறகு ஒருநாள் மையத்தின் மேலாளர் அம்மா முறைப்படி அடுத்த வழக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மணவிலக்குக் கேட்டு மனைவி போட்டது. மேலுறையில் இருந்த பெயர்களைச் சமரசக்கா இரண்டு முறை படித்தார்.

"இதை நான் எடுக்க முடியாது" என்றார். "இது என் பொண்ணு."

மேலாளர் அம்மா உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஐயோ, எனக்குத் தெரியாதுக்கா. வேற ஊருக்கு மாத்தச் சொல்லி எழுதிடட்டுமா?"

"அவங்க ரெண்டு பேரையும் கேளுங்க. நான் இங்க வேலை செய்யறேன்னு மாப்பிள்ளைக்குத் தெளிவா சொல்லிடுங்க. அவருக்குச் சரின்னா மட்டும் வேற ஒருத்தர் நடத்தட்டும். அதைப் பத்தி என் காதுக்கு எதுவும் வரக் கூடாது."

மருமகன் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றான். 'அத்தை நியாயமானவங்க' என்றும் சொன்னானாம். வழக்கு பெரிய மீசையிடம் போனது.

முதல் அமர்வு வட்ட மேசை அறையில் நடந்த காலையில் சமரசக்கா பக்கத்து அறையில் இருந்தார். சலவைக்கடைப் பங்காளிகள் இருவர், யார் துணியை யார் சுருக்கினார்கள் என்று காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுச்சுவர் பலகையால் ஆனது. அதன் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் ஏறி இறங்குவது கேட்டது. வார்த்தைகள் பிடிபடவில்லை. ஆனால் அந்தக் குரல் எந்த இடத்தில் உடையும் என்பது அவருக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்ட குரலாயிற்றே.

"ஒரு நிமிஷம்" என்று எழுந்தார். "நாம மேல் மாடிக்குப் போயிடலாமா? இங்க காத்து வரல."

"ஃபேன் நல்லாத்தானே ஓடுது?" என்றார் பங்காளிகளில் ஒருவர்.

"எனக்கு வரல" என்றார் சமரசக்கா. துணிமூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் படியேறினார்கள். அந்த இரண்டு பங்காளிகளும் முதன்முதலாக ஒத்துப்போனது, இந்த அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்பதில்தான்.

இரண்டாவது அமர்வன்று பெரிய மீசை அவரைத் தேடி வந்தார். முகத்தில் கேலி இல்லை.

"உங்க பொண்ணு பக்கத்துல யாராவது ஒருத்தர் உக்காரணும்னு கேக்கறா. துணைக்கு. நீங்கதான் வேணுமாம். மாப்பிள்ளையைக் கேட்டேன், சரின்னுட்டாரு. விதிப்படி தப்பில்ல. ஆனா நீங்க வாயே திறக்கக் கூடாது. முடியுமா?"

"அவளா கேட்டா?"

"அவதான்."

தான் வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய மேசைக்கு, சமரசக்கா அன்று கட்சிக்காரர்கள் வரும் கதவு வழியாகப் போனார். மகள் ஏறிட்டுப் பார்த்து, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாள். அவள் மெலிந்திருந்தாள். எதிரே மருமகன். "எப்படி இருக்கீங்க அத்தை?" என்று எழுந்து நின்றான். "இருக்கேன் மாப்பிள்ளை" என்றார். மேசைக்கடியில் மகள் அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

மருமகன் பேசினான். குரலை உயர்த்தவில்லை. வேலை அப்படி, கான்கிரீட் போடும் நாளில் தான் இல்லாவிட்டால் எல்லாம் பாழாகும், வீட்டில் தனியாக இருப்பது அவளுக்குக் கஷ்டம் என்று தனக்குத் தெரியும், அதற்காகத்தான் ஊர் மாற்றம் கேட்டிருந்தான், கிடைக்கவில்லை. "நான் முயற்சியே பண்ணலன்னு மட்டும் சொல்லாதே" என்றான். அவன் கண்கள் கலங்கின.

அப்போதுதான் மகளின் கை விலகியது. ஏன் என்று சமரசக்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு தன் தலை ஆடிக்கொண்டிருப்பதை உணர்ந்தார். எதிரே பேசுகிறவர் மனம் திறந்து பேச வேண்டும் என்பதற்காக, 'கேட்டுக்கிட்டிருக்கேன், சொல்லுங்க' என்று இத்தனை வருஷமாக எல்லோருக்கும் ஆட்டிய அதே தலை. நிறுத்தினார். ஆனால் மகள் பார்த்துவிட்டாள்.

பெரிய மீசை இரு தரப்பையும் தனித்தனியாகப் பார்க்கிறேன் என்று சொல்லி மருமகனை வெளியே உட்காரச் சொன்னார். கதவு சாத்தியதும் மகள் அம்மாவின் பக்கம் திரும்பாமல், மேசையைப் பார்த்தே பேசினாள்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்தேன்ல. அதுக்கு முந்தின வாரம் எனக்குக் கரு கலைஞ்சுது."

பெரிய மீசை தண்ணீர்க் கோப்பையை அவளுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

"உண்டாயிருக்கறதையே இன்னும் யாருக்கும் சொல்லல. நேர்ல வந்து அம்மாகிட்ட சொல்லணும்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள போயிடுச்சு. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. ராத்திரி கூட இருந்தாரு. மறுநாள் காலையில கான்கிரீட்டுன்னு கிளம்பிட்டாரு. நான் தனியா ஒரு வாடகை வண்டி பிடிச்சு வீட்டுக்கு வந்தேன். வந்து கதவைத் தொறந்தா எங்க பூனை மட்டும்தான் இருந்துச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன் அம்மாகிட்ட. அவங்க டீ குடுத்தாங்க. குடுத்துட்டு, அவர் பக்கம் என்னன்னு கேட்டாங்க."

சமரசக்கா வாயைத் திறந்தார். பேசக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்குத் தெரியவில்லை. கையை நீட்டி மகளின் முழங்கையைத் தொட்டார். அவள் தட்டிவிடவில்லை. திரும்பவும் இல்லை.

"இதை அவர்கிட்ட எடுத்துச் சொல்லட்டுமாம்மா?" என்று பெரிய மீசை கேட்டார். "அது உனக்கு எவ்ளோ வலிச்சுதுன்னு அவருக்குத் தெரியாம இருக்கலாம்."

"வேணாம். இனிமே தெரிஞ்சு அவர் மன்னிப்புக் கேட்டா, நான் மன்னிக்கணும். எனக்குத் தெம்பு இல்ல. பிரிஞ்சுடறோம், அவ்ளோதான். அதை மட்டும் சண்டையில்லாம முடிச்சுக் குடுங்க."

"சரி. இது இங்கயே இருக்கும்."

அமர்வு முடிந்து மகள் முதலில் படியிறங்கிப் போனாள். சமரசக்கா தாழ்வாரத்தில் நின்றார். மறு கதவு வழியாக வந்த மருமகன் அவரைப் பார்த்ததும் அருகே வந்தான்.

"அத்தை, நீங்களாவது அவகிட்ட பேசுங்க. நீங்க எப்பவும் ரெண்டு பக்கமும் பாத்துப் பேசறவங்க. உங்களுக்குத் தெரியும், நான் கெட்டவன் இல்லன்னு."

அவன் கெட்டவன் இல்லைதான். அது அவருக்குத் தெரியும். அன்று அந்த அறையில் கேட்டதை அவனிடம் சொல்லக் கூடாது என்பதும் தெரியும்.

"மாப்பிள்ளை" என்றார். குரல் அவருடையதுபோல இல்லை. "என்கிட்ட நியாயம் கேக்காதீங்க. ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். இந்த ஒரு விஷயத்துல எனக்கு நியாயம் தெரியாது. நான் அவ பக்கம்."

அவன் அடிபட்டவன்போல நின்றான். "நான் என்ன தப்பு பண்ணினேன் அத்தை?"

"அதை நான் சொல்ல மாட்டேன். நீங்க யோசிங்க."

அவன் தலைகுனிந்து போனான். முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தாலும் கூப்பிடவில்லை. அறைவாசலில் நின்று இதைக் கேட்ட பெரிய மீசை, ஒன்றும் கேட்காதவர்போல உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கேட்க வேண்டியவள் மட்டும் கேட்கவில்லை. அவள் அப்போது கீழே, வண்டிகளுக்கு நடுவே, வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாவது அமர்வில் முடிந்துவிட்டது. இருவரும் சம்மதித்துப் பிரிவது. ஒருவர் பற்றி மற்றவர் உறவுக்காரர்களிடம் குறை சொல்வதில்லை. அதிக நேரம் பிடித்தது பூனை விஷயம்தான். மகளின் அறையில் பூனை வளர்க்க வீட்டுக்காரர் விடமாட்டார். "அது என்கிட்டயே இருக்கட்டும். நீ எப்ப வேணாலும் வந்து பாரு. நான் வெளியூர் போறப்ப பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போவேன், தனியா விட மாட்டேன்" என்றான் மருமகன். சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல நிறுத்தினான். அவளைப் பார்த்தான். அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று அம்மாவும் மகளும் பஸ் நிறுத்தம்வரை சேர்ந்து நடந்தார்கள். நிழற்குடையில் இடம் இருந்தும் இருவரும் உட்காரவில்லை.

"அன்னிக்கு நீ சொல்ல வந்ததைக் கேக்காம விட்டுட்டேன்" என்றார் சமரசக்கா.

"ஆமா. விட்டுட்ட."

ஒரு சமரசராக இருந்தால் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கேட்கவில்லை. தாழ்வாரத்தில் மருமகனிடம் சொன்னதைச் சொல்லலாமா என்று நினைத்தார். சொன்னால் கூலி கேட்பதுபோல இருக்கும். பஸ் வந்தது. மகள் ஏறி, மறுபக்க ஜன்னலில் உட்கார்ந்தாள்.

மறுநாளும் மையத்துக்குப் போனார். அடுத்தவர்கள் வந்து உட்கார்ந்ததும் வழக்கமான பாடத்தைச் சொன்னார். 'நான் எந்தப் பக்கமும் இல்ல' என்ற இடத்தில் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லி முடித்தார். அந்த அறையில் அது உண்மைதான். தம்பதிகள் வழக்கு கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று மேலாளர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டார். மழைத்தண்ணீர் யார் வீட்டு வாசலில் விழுவது, மரக்கிளை யாருடையது, இப்படிப்பட்ட வழக்குகள் வந்தன. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றாலும், அந்த இடிகள் வலிக்கவில்லை.

வெகுநாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் தானாகக் கூப்பிட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை. அறைக்கு மேல்வீட்டுக்காரி விடிந்தால் நாற்காலியைத் தரதரவென்று இழுக்கிறாள், ஓய்வு நாளில்கூடத் தூங்க முடியவில்லை என்றாள்.

"என்ன திமிரு அவளுக்கு!" என்றார் சமரசக்கா. "கையில என்ன, வியாதியா? தூக்கி வைக்க வேண்டியதுதானே!"

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு. "வயசானவங்கம்மா. தூக்க முடியாது போல."

"வயசானா என்ன? அதுக்காக உன் தூக்கத்தைக் கெடுக்கறதா?"

அதன்பின் மகள் ஞாயிறுகளில் கூப்பிட ஆரம்பித்தாள். எல்லா ஞாயிறும் இல்லை. கூப்பிடாத நாட்களில் சமரசக்கா செல்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துணி மடிப்பார், மடித்ததையே மறுபடி மடிப்பார். கரு கலைந்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேசுவார்களா என்று அவருக்குத் தெரியாது.

குளிர் தொடங்கிய சமயத்தில் மகளைப் பார்க்கப் போனார். ஒரே அறை. கட்டிலும் அடுப்பும் ஜன்னலும். அவர் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் மகளை வேலையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். "போய்ட்டு வந்துடறேம்மா" என்று ஓடினாள். சமரசக்கா பகலெல்லாம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார். மகள் இங்கே இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். மேலே நாற்காலி இழுபட்டது. உண்மையிலேயே மோசமான சத்தம்தான்.

மாலையில் மகள் திரும்பி வந்தபோது ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. "இருந்துட்டுப் போயேன்" என்றாள். "காலையில ரெண்டு வழக்கு இருக்குடி" என்றார். மகள் வற்புறுத்தவில்லை. பஸ் நிலையம்வரை வந்தாள். பஸ் நகர்ந்தபோது கையசைக்காமல், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கொஞ்சதூரம் கூடவே நடந்தாள். பிறகு பஸ் வேகம் எடுத்தது.

பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை. சமரசக்கா அதில் பையை வைத்துவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.